துவைக்காத போர்வை

வேண்டாத பூனையை ஊருக்கு வெளியே விடுவதற்கென்று நம் கிராமங்களில் ஒரு முறை இருந்தது. சாக்கில் போட்டு வாயைக் கட்டி, சைக்கிள் பின்னால் வைத்து, வழி தெரியக்கூடாது என்று நாலு தெரு சுற்றி, ஆற்றைத் தாண்டி அக்கரையில் அவிழ்த்துவிடுவார்கள். தண்ணீரைத் தாண்டினால் பூனைக்கு வழி மறந்துவிடும் என்பது நம்பிக்கை. இரண்டு நாள் கழித்து அதே பூனை அடுப்படித் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்த கதையையும் அதே ஊர்க்காரர்கள்தான் சொல்வார்கள். நாய் ஆளோடு போகும், பூனை வீட்டோடு இருக்கும் என்ற பேச்சு இப்படிப்பட்ட அனுபவங்களில் பிறந்ததுதான்.

அந்தப் பேச்சில் பாதி சரி. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்த்தால், வீடு மாறும்போது நம்மோடு வரும் விலங்குகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பூனை திரும்பி வருவது கட்டுக்கதை இல்லை. அமெரிக்க விலங்கியலாளர் பிரான்சிஸ் ஹெரிக், பூனைகளை வீட்டிலிருந்து சில மைல் தொலைவுக்குக் கொண்டுபோய் விட்டுப் பார்த்து, அவை திரும்பி வரும் திறனைப் பற்றி 1922-இல் கட்டுரையே எழுதினார். நாய்களிடமும் இந்தத் திறன் உண்டு. செக் நாட்டு ஆய்வாளர்கள் 27 வேட்டை நாய்களுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டிக் காடுகளில் ஓடவிட்டு, அவை எசமானரிடம் எந்த வழியில் திரும்புகின்றன என்று பதிவு செய்தார்கள். வந்த தடத்தை விட்டுவிட்டுப் புதுவழியில் குறுக்கே திரும்பிய நாய்களில் பல, புறப்படும் முன் வடக்கு-தெற்கு வாக்கில் ஏறத்தாழ 20 மீட்டர் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் திசை பிடித்தன. பூமியின் காந்தப்புலத்தை அவை உணர்கின்றன என்று 2020-இல் வெளியான அந்த ஆய்வு கருதுகிறது.

எப்படித் திரும்புகிறது என்பதைவிட எதற்காகத் திரும்புகிறது என்பதே நமக்கு முக்கியம். வெளியே போய்வரும் வளர்ப்புப் பூனைகள் 925-க்கு ஜிபிஎஸ் கட்டி ஆறு நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, அதே 2020-இல் வெளியானது. பெரும்பாலான பூனைகள் தங்கள் நேரத்தை வீட்டைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளேயே கழித்தன. ஒரு தெருவின் நீளம்கூட இல்லை. அந்தச் சின்ன உலகத்தில் எந்த மதில் ஏறலாம், எந்த வீட்டு நாய் துரத்தும், எந்தக் கொட்டகையில் மதியம் நிழல் விழும், எந்த வாசலில் மீன் தலை கிடைக்கும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. வேட்டையாடும், வேட்டையாடவும்படும் சிறிய உயிருக்கு இந்த அறிவுதான் பாதுகாப்பு. வீடு மாறும் அன்று நாம் பீரோவையும் கட்டிலையும் குட்டி யானையில் ஏற்றிவிடுகிறோம். இந்த அறிவை ஏற்ற வழியில்லை. பூனை இழப்பது அதைத்தான்.

இந்த அறிவு மூளையில் எங்கே இருக்கிறது என்பது இப்போது ஓரளவு தெரியும். 1971-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஓ'கீஃபும் அவருடைய மாணவர் டாஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியின் மூளையில், ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் விசித்திரமான செல்களைக் கண்டார்கள். எலி பெட்டியின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது ஒரு செல் துடிக்கும். வேறோர் இடத்துக்கு நகர்ந்தால் அது அடங்கி இன்னொன்று துடிக்கும். மூளைக்குள் ஓர் ஊர்ப்படம் இருக்கிறது என்பதற்கு அது முதல் சாட்சி. 2005-இல் நார்வேயில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் அந்தப் படத்துக்கு அளவுக்கட்டம் போட்டுத் தரும் செல்களைக் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. எலியைப் புதிய இடத்துக்கு மாற்றினால் இந்தச் செல்கள் பழைய ஒழுங்கைக் கலைத்துவிட்டுப் புதிய ஒழுங்கில் துடிக்கத் தொடங்குகின்றன. புதுப்படத்தின் முதல் கோடுகள் நடந்து பார்க்கும் சில நிமிடங்களிலேயே விழுந்துவிடுகின்றன. அது அழியாமல் நிலைக்க நேரம் வேண்டும்.

தூக்கமும் வேண்டும். எலி நடந்தபோது சேர்ந்து துடித்த செல்கள், பிறகு ஆழ்ந்த உறக்கத்தில் மீண்டும் சேர்ந்து துடிப்பதை 1994-இல் வில்சனும் மெக்நாட்டனும் பதிவு செய்தார்கள். நடந்த வழியை மூளை உறக்கத்தில் மறுபடி நடந்து பார்க்கிறது. சிக்கலும் இங்கேதான். புது இடத்தில் நமக்கு முதல் இரவு தூக்கம் சரியாக வராது. நாய்களின் மூளை அலைகளை அளந்த புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் அவற்றுக்கும் இப்படியொரு முதல் இரவுத் தொல்லை உண்டு என்று காட்டியிருக்கிறார்கள். புதிய வீட்டைக் கற்க உறக்கம் வேண்டும். புதிய வீடு என்பதாலேயே உறக்கம் வராது. அதனால் புது வீட்டில் முதலில் பிரிக்க வேண்டிய மூட்டை சமையல் பாத்திரம் இல்லை என்பேன். நாயும் பூனையும் படுத்து வந்த பழைய போர்வை, பழைய சாக்கு, பழைய பாய், அது எதுவோ அதை முதலில் எடுத்துப் போடுங்கள். துவைக்காமல்.

துவைக்காமல் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

பூனை வளர்த்த பழைய வீட்டைக் காலி செய்யும்போது சுவர் மூலைகளைக் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கதவு நிலையின் விளிம்பில், பீரோ நின்ற இடத்தின் ஓரத்தில் மங்கலான பழுப்புக் கறை இருக்கும். தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். வெள்ளையடிக்க வருபவர் அழுக்கு என்று சுரண்டிவிடுவார். பூனை தன் கன்னத்தையும் தாடையையும் வருடக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து எழுதிய எழுத்து அது. பூனையின் கன்னம், நெற்றிப்பொட்டு, உதட்டோரம், மோவாய், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. பிரெஞ்சு விலங்கு மருத்துவர் பாட்ரிக் பாஜா 1990-களில் கன்னச் சுரப்பின் வேதிக்கலவையை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார். அவற்றில் மூன்றாவது வகையைப் பூனை தனக்குப் பழகிய பொருள்கள்மீது தடவி வைக்கிறது. அந்த வாசனை இருக்கும் இடத்தில் பூனை சிறுநீர் பீய்ச்சி எல்லை போடுவது குறைகிறது. இந்த இடம் எனக்குத் தெரிந்த இடம், இங்கே பதற வேண்டியதில்லை என்று அது தனக்கே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு அது. கால் சட்டையில் வந்து உரசும்போதும் அதே குறிப்பைத்தான் நம்மீது எழுதுகிறது.

நாம் புது வீட்டுக்குப் போகும்போது என்ன செய்கிறோம்? புதுச் சுண்ணாம்பு, புது பெயின்ட், தரை முழுக்க ஃபினாயில். போர்வை, திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்து மடித்துத்தான் மூட்டை கட்டுகிறோம். நமக்கு அது சுத்தம், மங்கலம். பூனைக்கோ எழுதிய பக்கம் எல்லாம் ஒரே நாளில் அழிந்துபோன வீடு. இதில் விஷமும் கலந்திருக்கிறது. கருப்பு ஃபினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதி ஒன்று பூனை இனத்தில் வேலை செய்வதில்லை. அதற்கான மரபணுவே பழுதுபட்டுக் கிடக்கிறது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அந்தப் பொருள் உடலுக்குள் போய்விடும். பாரசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லக்கூடும் என்பதற்கும் ஏறத்தாழ இதே குறைதான் காரணம். துணி மூட்டைக்குள் போடும் பாச்சை உருண்டையும் நாய், பூனை இரண்டுக்கும் நஞ்சு. விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். வீடு மாற்றும் வாரத்தில் இவை மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். தரையைத் துடைக்க வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

வீட்டை மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு பருத்தித் துணியால் பூனையின் கன்னத்தை மெதுவாகத் தடவிவிடுங்கள். பூனை சுகமாக இருக்கும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். பிடித்து வைத்துத் தேய்க்கக்கூடாது. சாவி கைக்கு வந்ததும் அந்தத் துணியைக் கொண்டுபோய்ப் புது வீட்டில் அது தங்கப்போகும் அறையின் மூலைகளில், கதவு நிலையில், அதே ஒரு சாண் உயரத்தில் தேய்த்து வையுங்கள். பூனை வந்து சேரும் முன்பே அதன் கையெழுத்து அங்கே இருக்கும். செயற்கையாகத் தயாரித்த கன்ன ஃபெரோமோன் மின்செருகியாகக் கடைகளில் கிடைக்கிறது. அது உதவுவதாகச் சொல்லும் ஆய்வும் உண்டு, பெரிய பலனில்லை என்று சொல்லும் ஆய்வும் உண்டு. காசில்லாத பழந்துணியை நான் முதலில் சொல்வேன்.

ஒரே அறை என்று சொன்னேன். அது முக்கியம். மூன்று படுக்கையறை ஃபிளாட் முழுவதையும் முதல் நாளே பூனைக்குத் திறந்துவிடுவது தாராளம்போலத் தோன்றும். அதற்கு அது கற்க முடியாத அளவு பெரிய பாடம். ஒரு சின்ன அறை, அதற்குள் தண்ணீர், சாப்பாடு, எதிர்மூலையில் மண் தட்டு, பழைய போர்வை, ஒளிய ஓர் அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டியை அலட்சியம் செய்யாதீர்கள். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு ஒளியும் பெட்டி கொடுத்து, ஒன்பதுக்குக் கொடுக்காமல், உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் அவற்றின் பதற்றத்தை மதிப்பெண் போட்டு அளந்தார்கள். 2014-இல் வெளியான முடிவு: பெட்டி கிடைத்த பூனைகள் மூன்றாம் நாளிலேயே தணிந்துவிட்டன. மற்றவை அந்த நிலைக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரம் பிடித்தது. பேக்கர்ஸ் ஆட்கள் விட்டுப்போகும் ஒரு காலிப் பெட்டி செய்கிற வேலை இது. ஒளிந்திருக்கும் பூனையை வெளியே இழுத்துக் கொஞ்சினால் அந்த நன்மை போய்விடும். அதுவாக வரட்டும்.

வரும்போது கவனித்துப் பாருங்கள். ஒரு சின்ன விலங்கு உலகத்தைக் கற்கும் காட்சி அது. முதலில் பெட்டியின் வாயில் மூக்கும் மீசையும் மட்டும் தெரியும். காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். பிறகு வயிறு தரையைத் தொடும்படி தாழ்ந்து, வால் தொங்க, சுவரை ஒட்டியே ஓரடி வைக்கும். அறையின் நடுவே ஒருபோதும் போகாது. ஒரு மூலையில் நின்று நெடுநேரம் மோந்து, வாயைச் சற்றே திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, ஏதோ கசப்பை நினைத்துக்கொண்டதுபோல அப்படியே நிற்கும். அப்போது அது மேலண்ணத்துக்கு மேலே இருக்கும் தனி உறுப்பு ஒன்றுக்கு வாசனையை ஏற்றுகிறது. முன்பு அங்கே வேறு பூனை இருந்ததா என்று படிக்கிறது. மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தால் பாய்ந்து பெட்டிக்குள் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. இப்படிப் பல தடவை நடந்து, ஒரு கட்டத்தில் கதவு நிலையருகே நின்று, தலையைச் சாய்த்து, கன்னத்தை ஒரே இழுப்பாக இழுத்துத் தேய்க்கும். அந்த ஒரு தேய்ப்புக்காகத்தான் காத்திருக்க வேண்டும். அது நடந்த பிறகு அடுத்த அறைக் கதவைத் திறக்கலாம். சில பூனைக்கு அது அன்று மாலையே நடக்கும், சிலவற்றுக்கு ஒரு வாரம். வெளியே போய்வந்து பழகிய பூனையைக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். பழைய வீடு பக்கத்தில் என்றால் இன்னும் கூடுதலாக. இல்லாவிட்டால் பழைய படம் அதைப் பழைய வாசலுக்கே இழுத்துக்கொண்டு போகும்.

இத்தனையும் பூனையின் மனசுக்காக மட்டும் சொல்வதில்லை. உடம்புக்காகவும்தான். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர் 32 பூனைகளை 77 வாரம் கவனித்தார்கள். சாப்பாட்டு நேரம் மாறுவது, பார்த்துக்கொள்பவர் மாறுவது போன்ற சாதாரண மாற்றங்கள் வந்த வாரங்களில், நல்ல ஆரோக்கியமான பூனைகள்கூடச் சாப்பாட்டைக் குறைத்தன, மண் தட்டுக்கு வெளியே போயின. சிறுநீர்ப்பை அழற்சி உள்ள பூனைகளுக்கு இது வலியாகவே திரும்பும். புது வீட்டில் பூனை மெத்தையில் சிறுநீர் கழித்தால் திமிர் என்று அடிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அடிக்காதீர்கள், அது நோயின் மொழி. ஆண் பூனை மண் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கியும் சொட்டு வரவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். நாளை பார்க்கலாம் என்றிருந்தால் உயிர் போய்விடும், அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமலிருந்தாலும் அப்படியே, குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு. பட்டினியில் அதன் ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கும்.

நாயின் கதை வேறு. நாய்க்கும் வாசனை உலகம் பெரிது. நம் மூக்கில் ஐம்பது அறுபது லட்சம் மோப்பச் செல்கள் என்றால் அதற்கு 20 கோடிக்கு மேல். ஆனால் அந்த உலகத்தின் நடுவில் ஓர் ஆள் நிற்கிறார். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பற்றை அளக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். பழக்கமில்லாத அறையில் தாய் இருக்கும்போதும் வெளியே போனபோதும் குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது. 1998-இல் புடாபெஸ்டில் யோசெஃப் டோபால் குழுவினர் இதையே 51 நாய்களிடம் வைத்துப் பார்த்தார்கள். எசமானர் அறையில் இருந்தால் நாய் சுற்றிப் பார்த்தது, விளையாடியது. அவர் வெளியே போனால் கதவருகே போய் நின்றுகொண்டது. புதிய இடத்தின் பயத்தைப் போக்குவது பழகிய ஆள். எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ், 12 நாய்களை எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, ஐந்து விதமான வாசனைகளைக் காட்டினார். மகிழ்ச்சியை எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் மூளைப்பகுதி, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக விழித்தது. அந்த மனிதர் அறையில்கூட இல்லை. துணியில் இருந்த வாசனை மட்டும். ஆகவே நாய்க்கும் துவைக்காத துணிதான் மருந்து. நீங்கள் இரண்டு நாள் போட்ட பனியனை அது படுக்கும் இடத்தில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் வாருங்கள்.

நாய் ஆளோடு போகும் என்ற பேச்சு இங்கே சரியாகிறது. ஆனால் ஆளோடு போகும் நாய் ஆளின் பதற்றத்தையும் சுமந்துகொண்டு போகும். சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் 2019-இல் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்க்கும் பெண்களின் முடியையும் எடுத்து, மாதக்கணக்கில் அதில் சேர்ந்திருந்த கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனை அளந்தார்கள். வளர்ப்பவருக்கு ஏறியிருந்தால் நாய்க்கும் ஏறியிருந்தது. வீடு மாற்றும் மாதம் எப்படிப்பட்ட மாதம் என்று எல்லோருக்கும் தெரியும். அட்வான்ஸ் திரும்பி வருமா என்ற கவலை, பள்ளி மாற்றம், கேஸ் இணைப்பு, கூலி பேரம். இதற்கு நடுவில் நாயின் காலை நடையை முதலில் வெட்டிவிடுகிறோம். நேரமில்லாத நாள்களில்தான் அந்த நடை இருவருக்குமே தேவை. வேறெது மாறினாலும் நடக்கும் நேரமும் சாப்பிடும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். அமெரிக்கக் காப்பகம் ஒன்றில் மைக்கேல் ஹென்னெசி குழுவினர் செய்த 1997 ஆய்வில், புதிதாக வந்த நாய்களின் கார்டிசால் முதல் மூன்று நாள் மிகவும் ஏறியிருந்தது, ஒன்பது நாளுக்கு மேல் தங்கியவற்றில் இறங்கியிருந்தது. அன்பான ஆள் உடன் இருக்கும் வீட்டில் அந்த உயரத்துக்கு ஏறாது என்று நம்பலாம். இருந்தாலும் முதல் மூன்று நாள் நாயைப் புது வீட்டில் தனியே பூட்டிவிட்டுப் போகாமலிருப்பது நல்லது. பிறகு பத்து நிமிடம், அரைமணி, ஒரு மணி என்று கூட்டலாம்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லாத ஒரு சிக்கல் நம் ஊரில் உண்டு. நம் தெரு ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஒரு நாய்க்கூட்டத்தின் எல்லை. வீட்டு நாய் குடியேறுவது ஆளில்லாத இடத்தில் இல்லை. குடிபோகும் முன்பே இரண்டு மூன்று தடவை அந்தத் தெருவுக்கு நாயைக் கூட்டிப்போங்கள். சின்னச் சங்கிலியில், தெருநாய்கள் படுத்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, நிற்காமல், ஓடாமல். தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் ஒருவர் எந்தத் தெருவிலும் இருப்பார். அவரோடு பழகிக்கொள்ளுங்கள், எது சாது, எது குட்டி போட்டிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் உடன் நிற்க, உங்கள் நாய் விட்டுப்போன மோப்பத்தை அவையும், அவை விட்டதை உங்கள் நாயும் படித்துப் பழகினால் ஒன்றிரண்டு வாரத்தில் குரைப்பு அடங்கும். வெறிநாய்த் தடுப்பூசி நாள் தவறியிருந்தால் குடிபோகும் முன்பே போட்டுவிட வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற முயல் விரட்டப் பிறந்த நாய்களைத் தோட்டத்து வீட்டிலிருந்து நகரத்துக்குக் கொண்டுவருபவர்கள் முதல் சில வாரம் சங்கிலியைக் கழற்றவே கூடாது. மிரண்டு ஓடத் தொடங்கினால் நாம் பிடிக்க முடியாது.

மீன் தொட்டிக்கு வந்தால் இதே பாடம் வேறு வடிவில் திரும்ப வருகிறது. தொட்டியில் மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றி, மீனைத் தன் கழிவிலேயே மூச்சுமுட்டாமல் காப்பது நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா போன்ற நுண்ணுயிர்கள். அவை தண்ணீரில் மிதப்பது குறைவு. வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. வீடு மாறும்போது தொட்டியைக் கழுவி, ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து வெயிலில் காயவைத்தால், குளோரின் பாதியையும் வெயில் மீதியையும் கொன்றுவிடும். பளிச்சென்ற புதுத் தொட்டியில் ஒரு வாரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதப்பது இதனால்தான். ஸ்பாஞ்சைப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளியில் நனைத்து, காற்றுப்பட, அன்றைக்கே கொண்டுபோய்ப் பொருத்துங்கள். முடிந்தவரை பழைய தண்ணீரையும். பறவைக்கு ஒரே ஒரு சொல்: பெயின்ட் வாடை முழுதும் போகும்வரை லவ் பேர்ட்ஸ் கூண்டைப் புது வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். பறவையின் நுரையீரலும் காற்றுப்பைகளும் நம்முடையதைவிட வேகமாக நஞ்சை இழுக்கும்.

மாறும் நாள் எல்லோருக்கும் குழப்பமான நாள். கதவெல்லாம் திறந்து கிடக்கும், தெரியாத ஆட்கள் சத்தம்போட்டுச் சாமான் தூக்குவார்கள். காலையிலேயே பூனையை அதன் கூடையோடு குளியலறையில் விட்டுச் சாத்தி, கதவில் பூனை இருக்கிறது திறக்காதீர்கள் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அந்த அறை கடைசியில் காலியாகட்டும். கூடையை அன்றைக்குத்தான் பரணிலிருந்து இறக்கினால் பூனைக்கு அது பொறி. பல வாரம் முன்பே இறக்கிக் கூடத்தில் திறந்து வைத்து, உள்ளே போர்வையும் எப்போதாவது ஒரு கருவாட்டுத் துண்டும் போட்டுவந்தால் அது படுக்கையாகிவிடும். பயணம் ஆட்கள் ஏறும் வண்டியில்தான். சாமான் வண்டியில் ஒருபோதும் வேண்டாம். வழியில் சாப்பிட இறங்கும்போது காரில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது என்றும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை என்றும் 2005-இல் அமெரிக்க மருத்துவர்கள் அளந்து காட்டினார்கள். நம் சித்திரை வெயிலில் அதற்கு அரைமணியே அதிகம். மயக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். தேவையென்றால் மருத்துவர் எடை பார்த்துத் தருவார்.

பால் காய்ச்சுவது, கணபதி ஹோமம், உறவினர் கூட்டம் எல்லாம் முடிந்து, புகை அடங்கிய பிறகு விலங்குகளை அழைத்து வாருங்கள். அதுவரை பழைய வீட்டிலோ பழகிய நண்பர் வீட்டிலோ இருக்கட்டும். ஓட்டு வீட்டிலிருந்து அடுக்குமாடிக்குப் போகிறவர்கள் பால்கனிக்குப் புறா வலை போட்ட பிறகே பூனையை விட வேண்டும். 1987-இல் நியூயார்க்கில் ஒரு விலங்கு மருத்துவமனை, ஐந்து மாதத்தில் மாடியிலிருந்து விழுந்து வந்த 132 பூனைகளைப் பற்றி எழுதியது. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன. அதைப் படித்துவிட்டுப் பூனை எங்கிருந்து விழுந்தாலும் பிழைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்த பூனைகளை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை. பிழைத்தவையும் நெஞ்சு நசுங்கியும் தாடை உடைந்தும் பிழைத்தவை.

கூட்டிப்போகாமல் விட்டுவிடுபவர்களைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். பூனை வீட்டோடு இருக்கும் என்ற பாதி உண்மையைச் சாக்காகச் சொல்லி, பால் ஊற்றி வளர்த்த பூனையைக் காலி வீட்டின் வாசலில் விட்டுப் போகிறார்கள். பூனைக்கு வீடு என்பது சுவர் மட்டும் என்றால் அது நியாயமாகலாம். 2019-இல் கிறிஸ்டின் விட்டாலேயும் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத் தோழர்களும் பூனைக்குட்டிகளுக்கு மேலே சொன்ன அதே பழக்கமில்லாத அறைச் சோதனையை வைத்தபோது, பிரித்து வகைப்படுத்த முடிந்த குட்டிகளில் 64 சதவீதம் தங்கள் ஆளைப் பாதுகாப்பான துணையாகக் கொண்டிருந்தன. மனிதக் குழந்தைகளிடம் காணும் விகிதத்துக்குப் பக்கத்தில் அது வருகிறது. பூனைக்கும் ஆள் வேண்டும். பட்டினியிலோ தாகத்திலோ வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். அறுபது ஆண்டுக்கு முந்தைய இந்தத் தொகையை மாற்றாமல் வைத்திருப்பது எனக்கு ஆறாத வருத்தம். நிஜமாகவே கொண்டுபோக முடியாத நிலை வந்தால், அந்தத் தெருவிலேயே பூனைக்குப் பழகிய ஒரு வீட்டாரிடம், மாதச் சாப்பாட்டுச் செலவோடு ஒப்படைப்பது அதற்குச் செய்யும் குறைந்தபட்ச நியாயம்.

எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும் கதவிடுக்கில் நழுவிவிட்டால்? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முன்னின்று செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, தொலைந்த 1,210 பூனைகளைப் பற்றியது. உயிரோடு கிடைத்தவை ஓராண்டுக்குள் 61 சதவீதம், அவற்றில் பாதிக்கு மேல் முதல் ஏழு நாளிலேயே கிடைத்தன. கிடைத்தவற்றில் முக்கால்வாசி, விட்ட இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தன. ஆகவே ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டும் முன் பக்கத்து வீட்டு மாடிப்படியின் அடி, ஜெனரேட்டர் அறை, நிறுத்தியிருக்கும் கார்களின் அடி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் இடுக்கு என்று தேடுங்கள். இரவு சத்தம் அடங்கிய பிறகு டார்ச்சைத் தரையோடு தரையாக அடித்தால் கண் பளபளக்கும். பெயர் சொல்லி மெல்லக் கூப்பிடுங்கள்; பயந்த பூனை பதில் சொல்லாது, ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும். தோலுக்கடியில் அரிசி மணியளவு மைக்ரோசிப் போட்டிருந்தால் அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே; முகவரி பதிவேட்டில்தான் இருக்கிறது. புது முகவரியையும் புது எண்ணையும் குடிபோகும் வாரமே மாற்றிவிட வேண்டும். பழைய வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடமும் அந்தத் தெரு வாட்ச்மேனிடமும் ஒரு புகைப்படமும் உங்கள் போன் நம்பரும் கொடுத்து வையுங்கள். பூனை தன் பழைய வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் அவர்கள்தான் உங்களைக் கூப்பிட வேண்டும்.